டி-செல்களைத் தூண்டி வளர்ப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் முதுகலை முடித்துவிட்டுப் பெங்களூருவின் உயிரியல் ஆய்வகங்களுக்கு வந்து சேரும் மாணவர்களில் பலர், நோயெதிர்ப்பியல் தேர்வுக்காக, நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுவான டி-செல்லின் படத்தைப் பலமுறை வரைந்திருப்பார்கள். ஆனால் உயிருள்ள டி-செல்லை ஒரு தட்டில் இட்டு, அது பெருகுவதை நாள்தோறும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் வேலை சில ஆண்டுகளாக எனக்கு வாய்த்திருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது, செல் வளர எதைச் சேர்க்க வேண்டும் என்பதைத்தான். சேர்த்ததை எப்போது எடுக்க வேண்டும் என்று முதல் வாரத்திலேயே கேட்டவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். வளர்ப்புகள் பெரும்பாலும் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான் என்பதால், இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். மனித ரத்தத்திலிருந்து எடுத்த டி-செல்களை, அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் சிடி3, சிடி28 என்ற புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளால் தூண்டும் முறையையே இங்கு விளக்குகிறேன். ஆன்டிபாடி என்பதைத் தமிழ்ப் பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்று சொல்லும். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் நானும் ஆன்டிபாடி என்றே எழுதுகிறேன்.

பிப்பெட்டைத் தொடும் முன்

ரத்தத்தில் சுற்றிவரும் டி-செல் ஓய்வில் இருக்கிறது. ஏறத்தாழ 7 மைக்ரான் விட்டமுள்ள அந்தச் சிறு உருண்டையில் பெரும்பகுதி உட்கருதான். சுற்றி மெல்லிய விளிம்பாகத்தான் சைட்டோபிளாசம் இருக்கும். அது இரண்டாகப் பிரிந்து பெருக வேண்டுமானால் மூன்று சமிக்ஞைகள் வேண்டும். முதலாவது, டி-செல் ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3 வழியாக வருவது: செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது, கால்சினியூரின் என்ற நொதி விழிக்கிறது, அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பி, செல்லைப் பெருகத் தூண்டும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தின் மரபணுவை இயக்குகிறது. இரண்டாவது, சிடி28 வழியாக வருவது: முதல் சமிக்ஞையை வலுப்படுத்தி, இன்டர்லூகின்-2 உற்பத்தியைப் பெருக்கி, செல் சாகாமல் காக்கிறது. மூன்றாவது, இன்டர்லூகின்-2 போல் செல்கள் சுரக்கும் சைட்டோகைன் என்ற செய்திப் புரதம்: தூண்டப்பட்ட செல் தன் மேற்பரப்பில் சிடி25 என்ற ஏற்பிப் பகுதியைக் கொண்டுவந்து, இன்டர்லூகின்-2ஐ இறுகப் பற்றிக்கொண்டு பிரியத் தொடங்குகிறது.

முதல் சமிக்ஞை மட்டும் கிடைத்து இரண்டாவது கிடைக்காத டி-செல், பின்னர் முறையான தூண்டலுக்கும் அசையாமல் கிடக்கும். அனெர்ஜி எனப்படும் இந்நிலையை 1987இல் ஜென்கின்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் சோதனையில் காட்டினார்கள். ஆகவே சிடி28 ஆன்டிபாடி தீர்ந்துவிட்டால், சிடி3 மட்டும் போட்டு ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

உடலில் இந்த ஓட்டத்துக்குத் தானாகவே ஒரு தடை உண்டு. தூண்டப்பட்ட செல் ஒன்றிரண்டு நாளில் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தை வெளிக்கொணர்கிறது. அது சிடி28 பிடிக்க வேண்டிய அதே மூலக்கூறுகளைத் தானே இறுகப் பிடித்துக்கொண்டு தூண்டலைத் தணிக்கிறது. நம் தட்டிலோ சிடி28ஐ ஆன்டிபாடி நேராகப் பிடித்திருக்கிறது. அந்த ஆன்டிபாடி சிடிஎல்ஏ-4இல் ஒட்டாது. எனவே உடலில் வேலை செய்யும் அந்தத் தடை தட்டில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை, தடை போடும் பொறுப்பு தட்டின் முன் அமர்ந்திருப்பவருக்கு வந்துவிடுகிறது.

இந்த அறிவு வந்த வழியையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், ராஜ்மாவிலிருந்து எடுத்த பிஎச்ஏ என்ற பொருளை, சிவப்பணுக்களை ஒட்டவைத்து நீக்குவதற்காகப் பயன்படுத்தியபோது, எஞ்சிய லிம்ஃபோசைட்டுகள் பிரியத் தொடங்கியதைக் கண்டார். 1976இல் மார்கன், ரஸ்செட்டி, காலோ ஆகியோர், அப்படித் தூண்டிய செல்கள் விட்டுச்சென்ற ஊடகத்தை, அதாவது அவை வளர்ந்த திரவத்தை, கொண்டு டி-செல்களை நீண்ட நாள் வளர்க்க முடியும் என்று காட்டினார்கள். அந்த ஊடகத்தில் இருந்த காரணிதான் பின்னர் இன்டர்லூகின்-2 என்று பெயர் பெற்றது. எலியின் செல்களுக்குப் பயன்படும் கான்-ஏ வாளவரை இனத்திலிருந்து வருகிறது. பெங்களூருவில் மார்கழியிலும் தையிலும் தெருவெங்கும் மணக்கும் அவரேகாய் வேறு செடி. அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பயனில்லை, சாம்பாரில் போடலாம்.

அனுமதியும் பாதுகாப்பும்

மனித ரத்தத்தைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், ரத்தம் தருபவரின் எழுத்துப்பூர்வ இசைவும் இருக்க வேண்டும். பக்கத்து மேசைத் தோழர் கையை நீட்டுகிறார் என்பதற்காக எடுத்துவிடக் கூடாது. தன் ரத்தத்தைத் தானே எடுத்து வளர்ப்பதும் கூடாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். இரண்டாம் நிலை உயிரியல் பாதுகாப்பு வசதியிலும் அதற்கான ஹூட்டிலும் மட்டுமே குழாயைத் திறக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி, ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பையிலும், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும் போக வேண்டும்.

ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்தல்

ஹெபாரின் அல்லது இடிடிஏ இட்ட குழாயில் 10 மி.லி. ரத்தம் வாங்கினால், பொதுவாக ஒரு கோடி அளவுக்கு ஒற்றை உட்கரு வெள்ளணுக்கள் கிடைக்கும். இவற்றை எல்லோரும் பிபிஎம்சி என்பார்கள். ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள், அறை வெப்பநிலையிலேயே கொண்டுவாருங்கள். மருத்துவமனையிலிருந்து கிளம்பிய பெட்டி ஹெப்பால் மேம்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றாலும் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நாள் கடந்துவிட்டால் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களின் அடர்த்தி மாறி, அவையும் நமக்கு வேண்டிய அடுக்கில் வந்து கலந்துகொள்ளும்.

ரத்தத்தைச் சம அளவு பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் நீர்த்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கால் கரைசலின் மேல், குழாயின் சுவரையொட்டி மெதுவாக வழியவிடுங்கள். இரண்டு அடுக்குகளும் கலக்காமல் நிற்பதுதான் இங்கே கைத்திறன். முதல் இரண்டு முறை கலந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். ஃபைக்கால் குளிர்ச்சியாக இருந்தால் அடர்த்தி மாறிப் பிரிவு கெடும் என்பதால், முன்கூட்டியே வெளியில் எடுத்து வையுங்கள். சென்ட்ரிஃபியூஜில் 400 ஜி விசையில் 30 நிமிடம், பிரேக் இல்லாமல் சுழற்ற வேண்டும். திரையில் இருப்பது ஜி விசையா, நிமிடத்துக்கான சுழற்சியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 400 சுழற்சியில் ஓட்டிவிட்டு, அடுக்கே வரவில்லை என்று வந்து நின்றவர்கள் உண்டு. சுழன்று நின்றதும் மேலே மஞ்சள் பிளாஸ்மாவும், அடியில் சிவப்பணுக்களும், நடுவில் நீர்மோர் போல் கலங்கிய ஒரு வளையமும் தெரியும். அந்த வளையத்தை மட்டும் எடுத்து, ஒருமுறை 300 ஜி விசையிலும், பிளேட்லெட்டுகள் நீங்க மறுமுறை 200 ஜி விசையிலும், பத்துப் பத்து நிமிடம் கழுவுங்கள்.

தனி டி-செல்தான் வேண்டுமென்றால் காந்தத் துகள்களால் பிரிக்கலாம். டி-செல்லைத் தவிர மற்றவற்றையெல்லாம் பிடித்து நீக்கும் எதிர்மறைத் தேர்வையே நான் பரிந்துரைப்பேன். சிடி3ஐப் பிடித்து எடுக்கும் முறையில், பிரிக்கும்போதே செல்லைத் தொட்டுத் தூண்டிவிடும் ஆபத்து இருக்கிறது.

ஊடகமும், 900 மீட்டர் உயரமும்

ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில் 10 சதவீதம் வெப்பமூட்டிய எஃப்பிஎஸ் என்ற கன்றுக்கருச் சீரம், 2 மில்லிமோலார் குளுட்டமின், வழக்கமான பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை போதும். எலிச் செல்களானால் ஏறத்தாழ 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால் கட்டாயம் வேண்டும், மனிதச் செல்களுக்கு அது இல்லாமலும் நடக்கும்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதால், இங்கு காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்குபேட்டரில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலும், ஊடகத்தில் கரையும் வாயுவின் அளவு அதே விகிதத்தில் குறையும். பிஎச் சுமார் 0.05 அளவுக்கு உயரும். டி-செல் இதைப் பொருட்படுத்தாது. ஆனால் ஊடகம் சற்றே கூடுதல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே என்று சென்னையிலிருந்து வந்தவர் வியந்தால், காரணம் இதுதான். ஆட்டோகிளேவ் விஷயத்தில் மட்டும் இது விளையாட்டில்லை. அழுத்தமானி 15 பவுண்டைக் காட்டினாலும், அது வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தம் என்பதால், உள்ளே வெப்பம் 121 டிகிரியைத் தொடாமல் இருக்கக்கூடும். முள்ளை நம்பாமல் வெப்பநிலையைப் பாருங்கள். ஜூன் தொடங்கி மழைக்காலம் முழுவதும் பூஞ்சை வரும் நகரம் இது. இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை மாற்றுவதற்கு ஆள் ஒருவரை நியமித்துவிடுங்கள்.

தட்டில் ஆன்டிபாடியை ஒட்டுதல்

இதை அவசரப்படாமல் படியுங்கள். டி-செல் ஏற்பி செயல்பட, பல ஏற்பிகள் ஒரே இடத்தில் திரண்டு நெருங்க வேண்டும். கரைசலில் மிதக்கும் ஆன்டிபாடி, தனித்த டி-செல்லின் சிடி3இல் ஒட்டினாலும் ஏற்பிகளை அப்படித் திரட்டாது. ஆன்டிபாடி ஒரு பரப்பில் நிலையாக ஒட்டியிருக்க வேண்டும். அல்லது அதன் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேறொரு செல் இருக்க வேண்டும். பிபிஎம்சி கலவையில் மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் அந்த வேலையைச் செய்வதால், அங்கே மிதக்கும் சிடி3 ஆன்டிபாடியும் நன்றாகத் தூண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் முதலாண்டில் நான் மூன்று வாரங்களை இழந்தேன்: பிபிஎம்சியில் அருமையாக வளர்ந்த அதே செய்முறையை, காந்தத்தால் சுத்தமாகப் பிரித்த டி-செல்லில் செய்தேன், ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று புதிய புட்டி வாங்கச் சொன்னேன். அதிலும் பிரியவில்லை. மோனோசைட்டை நானே நீக்கிவிட்டேன் என்பது புரிய நான்காவது வாரம் ஆயிற்று.

இந்த நுணுக்கம் மனித உயிரோடு விளையாடிய நிகழ்ச்சியும் உண்டு. 2006 மார்ச்சில் லண்டனில், சிடி28ஐ மிக வலுவாகத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி, முதன்முறையாக ஆறு தன்னார்வலர்களுக்குச் செலுத்தப்பட்டது. சில மணி நேரத்துக்குள் ஆறு பேரும் சைட்டோகைன் புயலில் சிக்கித் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அனைவரும் பிழைத்தார்கள். அதற்கு முன் ஆய்வகத்தில் மனிதச் செல்களோடு அதை வெறுமனே கரைசலாகச் சேர்த்துப் பார்த்தபோது பெரிய விளைவு எதுவும் தெரியவில்லை. பின்னர், அதே ஆன்டிபாடியைத் தட்டில் ஒட்டவைத்தபோதும், பிபிஎம்சியை முன்கூட்டியே நெருக்கமாக வளர்த்துவிட்டுச் சேர்த்தபோதும், செல்கள் பலமாகத் தூண்டப்பட்டன. ஆன்டிபாடி எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுவே.

செய்முறை இது. ஓகேடி3 என்ற குளோனின் (ஒரே செல்வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி வகையின்) சிடி3 ஆன்டிபாடியை, பிபிஎஸ் கரைசலில் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் என்ற அளவில் கரைத்து, 24 குழித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் 300 மைக்ரோலிட்டர் இடுங்கள். 37 டிகிரியில் 2 மணி நேரம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுவதும் வையுங்கள். பிறகு கரைசலை எடுத்துவிட்டு பிபிஎஸ் கொண்டு இரண்டு முறை கழுவுங்கள். குழி காய்ந்துபோக விடாதீர்கள். மி.லி.க்கு 10 லட்சம் செல் என்ற கணக்கில், ஒவ்வொரு குழியிலும் 1 மி.லி. இட்டு, சிடி28.2 என்ற குளோனின் ஆன்டிபாடியை மி.லி.க்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் கரைசலாகவே சேர்க்கலாம். 5 என்பது தொடக்கப் புள்ளிதான்: புதிய புட்டி வந்ததும் 1 முதல் 10 வரை நான்கைந்து அளவுகளைச் சோதித்து, உங்கள் ஆய்வகத்துக்கான அளவைக் கண்டுபிடியுங்கள். அதிகமாகப் போட்டால் அதிகமாக வளரும் என்பதில்லை, மிகையான சிடி3 சமிக்ஞை செல்லைக் கொல்லும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கென விற்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலும் சோடியம் அசைடு இருக்கும். அது செல்லின் சுவாசத்தையே நிறுத்திவிடும் நஞ்சு. வளர்ப்புக்கு அசைடு இல்லாத, எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நஞ்சு குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எலிச் செல்லுக்கு 145-2சி11, 37.51 என்ற வேறு குளோன்கள். மனிதச் செல்லுக்கான இந்த ஆன்டிபாடிகள் எலிச் செல்லில் ஒட்டாது.

இரண்டு ஆன்டிபாடிகளும் ஒட்டப்பட்ட காந்தமணிகளும் கிடைக்கின்றன. செல் ஒன்றுக்கு மணி ஒன்று என்பது வழக்கமான விகிதம். விலை அதிகம் என்றாலும், வேண்டும்போது காந்தத்தால் எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி.

முதல் மூன்று நாட்கள்

நான்கு மணி நேரத்திலேயே, தூண்டலின் முதல் அடையாளங்களில் ஒன்றான சிடி69 மேற்பரப்பில் உயரத் தொடங்கும். ஒரு நாளில் செல்கள் திராட்சைக் குலைபோலக் கூட்டம் கூட்டமாகத் திரளும். ஒவ்வொன்றும் பெருத்து ஓய்வுநிலையைவிட மிகப் பெரிதாகத் தெரியும். சிடி25 அடுத்த இரண்டு நாட்களில் உச்சத்தை நோக்கிப் போகும். முதல் பிரிவு 24 மணி நேரத்துக்கு முன் நிகழாது. பெரும்பாலான செல்கள் ஒன்றரை நாள் அளவில்தான் பிரியத் தொடங்கும். அதன்பின் வேகம் பிடிக்கும்.

இரண்டாம் நாள் எண்ணினால், இட்டதைவிடக் குறைவாகவே இருக்கும். தூண்டலைத் தாங்காத சில செல்கள் இறந்திருக்கும், மீதமுள்ளவை குலையாக ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையில் சிக்காமல் இருக்கும். இதைப் பார்த்துப் பதறி, இரவு பதினொரு மணிக்கு “அண்ணா, எல்லாம் செத்துப்போச்சு” என்று அழைப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு பேராவது உண்டு. குலைகள் நன்றாக இருந்தால், தட்டை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

இன்டர்லூகின்-2ஐத் தொடக்கத்திலேயே சேர்ப்பவர்கள் உண்டு. நான் ஒரு நாள் கழித்து, மி.லி.க்கு 100 யூனிட் என்ற அளவில் சேர்க்கிறேன். சிடி25 வந்த பிறகுதானே செல் அதை இறுகப் பிடிக்கும். பிபிஎம்சியிலிருந்து தொடங்கியவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: இன்டர்லூகின்-2, என்கே செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களையும் வளர்க்கும். இரண்டு வாரம் கழித்து உங்கள் குடுவையில் இருப்பதெல்லாம் டி-செல்தானா என்று, டி-செல்லைக் காட்டும் சிடி3, என்கே செல்லைக் காட்டும் சிடி56 இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

எடுத்தலும் நீர்த்தலும்

இரண்டாம் நாள் முடிவில் அல்லது மூன்றாம் நாள், குலைகளைப் பிப்பெட்டால் மெதுவாகக் கலைத்து, செல்களை ஆன்டிபாடி இல்லாத புதிய குடுவைக்கு மாற்றுங்கள். மணிகளானால், பயன்படுத்தும் செய்முறை சொல்லும் நாளில் காந்தத்தால் எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகு செல்லுக்குச் சிடி3 சமிக்ஞை தேவையில்லை. தொடங்கிவைத்த ஓட்டத்தில், சைட்டோகைனை மட்டும் கொண்டு அது பல தலைமுறை பிரியும்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பொங்கல் எனக்குக் காட்டியது. வெள்ளிக்கிழமை மாலை செல்களைத் தூண்டிவிட்டு, சாந்திநகரில் இரவுப் பேருந்து பிடித்து மதுரைக்குப் போனேன். விடுமுறை முடிந்து ஆறாம் நாள் வந்து பார்த்தபோது, ஊடகம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. தட்டு நிறையச் செல்களின் சிதைவுகள். இடைவிடாத சிடி3 சமிக்ஞை, டி-செல்களின் மேல் ஃபாஸ் என்ற ஏற்பியையும், அதைத் தொட்டுக் கொல்லும் மூலக்கூறையும் சேர்த்தே கொண்டுவருகிறது. செல்கள் ஒன்றையொன்று சாகடிக்கின்றன. பிழைத்தவையும் பயன்படாது. பிடி-1, டிம்-3, லாக்-3 என்ற தடைப் புரதங்கள் மூன்றையும் சுமந்துகொண்டு, சைட்டோகைனைச் சுரக்கத் தெம்பில்லாத களைப்புநிலைக்கு அவை போய்விடுகின்றன. ஒரு எச்சரிக்கை: பிடி-1 மட்டும் உயர்வது இயல்பான தூண்டலிலும் நிகழும். இரண்டாம் நாள் அதைப் பார்த்துவிட்டு, செல் களைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள்.

தூண்டியை எடுத்த பின் நம் கையில் இருக்கும் கட்டுப்பாடுகள் நெருக்கமும் சைட்டோகைனும்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை எண்ண வேண்டும். இறந்த செல்லில் மட்டும் ஏறும் டிரைபான் புளூ சாயத்தைச் சம அளவு கலந்து, ஹீமோசைட்டோமீட்டரின் நான்கு மூலைச் சதுரங்களிலும் நீலமேறாத செல்களை எண்ணுங்கள். நான்கிலும் சேர்த்து 320 என்றால், சராசரி 80. நீர்த்ததற்காக 2ஆலும், அறையின் கொள்ளளவுக்காக 10,000ஆலும் பெருக்கினால், மி.லி.க்கு 16 லட்சம். குடுவையில் 10 மி.லி. இருந்தால் மொத்தம் 1 கோடியே 60 லட்சம். இதை மி.லி.க்கு 5 லட்சமாக நீர்க்க 32 மி.லி. வேண்டும், ஆகவே 22 மி.லி. புதிய ஊடகம் சேர்க்க வேண்டும். பழைய ஊடகத்திலிருந்த இன்டர்லூகின்-2ஐச் செல்கள் உண்டு தீர்த்திருக்கும் என்று கொண்டு, 32 மி.லி.க்கும் சேர்த்தே 3,200 யூனிட் சேர்ப்பது என் வழக்கம். மி.லி.க்கு 5 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடையில் வைத்திருங்கள். 20 லட்சத்தைத் தாண்டினால் குளுக்கோஸ் தீர்ந்து, லாக்டிக் அமிலம் சேர்ந்து, ஊடகத்தின் நிறங்காட்டியான ஃபீனால் ரெட் மஞ்சளாகும். மிக நீர்த்துவிட்டால், ஒன்றன் சுரப்பு மற்றொன்றுக்கு எட்டாமல் செல்கள் சுணங்கும். ஊடகம் மஞ்சளான பிறகு நீர்ப்பது, பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைப்பது போன்றது. எண்ணிக்கையை முன்கூட்டியே பாருங்கள்.

அதிக இன்டர்லூகின்-2 எண்ணிக்கையைத் தரும், ஆனால் செல்களை முதிர்ந்த, குறைவாழ்வு நிலைக்குத் தள்ளும். நெடுநாள் வாழும் நினைவுச் செல்களின் தன்மை வேண்டுமென்றால், இன்டர்லூகின்-7, இன்டர்லூகின்-15 இரண்டையும் மி.லி.க்கு 5 முதல் 10 நானோகிராம் அளவில் பயன்படுத்துவது நல்லது. டி-செல்லின் மரபணுவை மாற்றிப் புற்றுநோயைத் தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சைக்குச் செல் தயாரிப்பவர்களுக்கு இத்தேர்வு உயிர்நாடியானது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்திய ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 போன்ற சிகிச்சைகளிலும் நோயாளியின் டி-செல்லைத் தூண்டுவதும் பெருக்குவதும் தயாரிப்பின் நடுநாயகமான படிகள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பல பத்து மடங்கு பெருக்கம் வரும். சிலரின் ரத்தத்தில் நூறு மடங்கையும் தாண்டும். ஏழு முறை பிரிந்தாலே 128 மடங்கு என்பதால் இதில் வியப்பில்லை. பிறகு செல்கள் மெல்லச் சுருங்கி, பிரிவதை நிறுத்தும். மறுபடி தூண்ட வேண்டுமென்றால், அளவு பழைய நிலைக்குச் சுருங்கும்வரை காத்திருங்கள். பெருத்த நிலையிலேயே மீண்டும் சிடி3 கொடுத்தால், மேலே சொன்ன சாவுதான் திரும்ப வரும்.

வளர்ந்ததை நிரூபித்தல்

எண்ணிக்கை கூடியது என்பது மட்டும் சான்றாகாது. தூண்டுவதற்கு முன் செல்களைச் சிஎஃப்எஸ்இ என்ற பச்சைச் சாயத்தால் நிறமேற்றிவிட்டால், ஒவ்வொரு பிரிவிலும் சாயம் பாதியாகும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒவ்வொரு தலைமுறையும் தனிச் சிகரமாகத் தெரியும். சாயத்தை அதிகமாக ஏற்றினால் செல் இறக்கும்; 1 முதல் 5 மைக்ரோமோலார் வரை சோதித்துத் தேர்ந்துகொண்டு, நேரம் முடிந்ததும் சீரம் உள்ள ஊடகத்தால் உடனே நிறுத்துங்கள்.

ஒப்பீட்டுக் குழிகள் இல்லாத சோதனையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எதுவும் சேர்க்காதது, இன்டர்லூகின்-2 மட்டும், சிடி3 மட்டும், சிடி3 உடன் சிடி28, நேர்மறைக்காக பிஎச்ஏ என்ற ஐந்தும் வேண்டும். ஓரக் குழிகள் ஆவியாகிச் சுண்டும் என்பதால், 96 குழித் தட்டில் அவற்றை பிபிஎஸ் கொண்டு நிரப்பி விட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டின் எந்தப் படி செயல்படுகிறது என்று அறிய இரண்டு மருந்துகள் உதவும். சைக்ளோஸ்போரின் கால்சினியூரினைத் தடுப்பதால், முதல் சமிக்ஞையையும் அதனால் பிறக்கும் இன்டர்லூகின்-2ஐயும் நிறுத்தும். ஏற்கெனவே தூண்டப்பட்டு, வெளியிலிருந்து இன்டர்லூகின்-2 பெறும் செல்லை அது பெரிதாகத் தடுக்காது. ராபமைசினோ அந்த இன்டர்லூகின்-2க்கு செல் காட்டும் எதிர்வினையைத் தடுக்கும். இரண்டையும் அடுத்தடுத்த குழிகளில் வைத்துப் பார்த்தால், பாடநூலின் முதல் சமிக்ஞையும் மூன்றாவது சமிக்ஞையும் உங்கள் கண்முன்னே பிரிந்து நிற்கும்.

வளராவிட்டால், என் அனுபவத்தில் காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்று: குழி காய்ந்தது, அசைடு, பலமுறை உறையவைத்து உருக்கிய இன்டர்லூகின்-2, அல்லது மைகோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா. கடைசியது கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது, மாதம் ஒருமுறை பிசிஆர் சோதனை செய்யுங்கள்.

சேமித்தலும் நாள் குறித்தலும்

மிஞ்சிய செல்களை 90 சதவீதம் சீரம், உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம் கொண்ட கலவையில், குப்பிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி வரை இட்டு, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிரும் பெட்டியில் மைனஸ் 80 டிகிரியில் ஓரிரவு வைத்து, பிறகு திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். குப்பியின் மேல் கொடையாளரின் குறியீடும், தூண்டிய நாளும், உறையவைத்த நாளும் இருக்க வேண்டும். ஆல்கஹால் பட்டால் அழியும் மார்க்கரால் எழுதாதீர்கள். உருக்கும்போது 37 டிகிரி நீரில் விரைவாக உருக்கி, வெதுவெதுப்பான ஊடகத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கழுவி, ஓரிரவு ஓய்வு கொடுத்த பிறகே தூண்டுங்கள்.

எந்தக் கிழமை உருக்குவது என்பதை, தூண்டியை எடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி முடிவு செய்யுங்கள். திங்களன்று உருக்கினால் செவ்வாயன்று தூண்டலாம், வெள்ளியன்று காலை எடுக்கலாம். அன்று மதியம் எண்ணி, நீர்த்து, சனி ஞாயிறுக்கு மட்டும், 5 லட்சத்துக்குப் பதில், மி.லி.க்கு 3 லட்சம் என்ற அளவில் இடத்தைச் சற்றுத் தாராளமாக விட்டு வைத்துவிட்டு, இரவுப் பேருந்துக்குக் கிளம்பலாம்.